மூன்றாவது டிரைவ்

“சொந்தக் கம்ப்யூட்டர்ல எத்தனை டிரைவ் இருக்குன்னுகூடத் தெரியாம லினக்ஸ் போட வந்துட்டீங்க!”

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை இலவசமாக ஏற்றித் தரும் வினிபெக் லினக்ஸ் சங்கத்தின் சனிக்கிழமை முகாமில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான் தன்னார்வலன் கர்ட்டிஸ். எதிரே, தன் கம்ப்யூட்டரோடு வந்திருந்தாள் பஸ் ஓட்டுநர் டோரீன்.

“ரெண்டுதான் தம்பி. ரெண்டுமே நிறைஞ்சு கிடக்கு. அதான் லினக்ஸ் ஏற மாட்டேங்குது.”

“திரையில மூணு காட்டுதே, கண்ணு தெரியல? மூளையை அடகு வெச்சாத்தான் விண்டோஸே குடுப்பாங்க போல!”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

“அந்த மூணாவதுல என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு...”

“என்ன இருக்கும்? உங்க குப்பைதான். எனக்கே பாடம் எடுக்காதீங்க.”

மூன்றாவதைத் துடைத்து அழித்துவிட்டு அதில் லினக்ஸை ஏற்றினான். ஜோராக ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

டோரீன் நன்றி சொல்லிக் கிளம்பினாள். கம்ப்யூட்டரின் பின்னால் தொங்கிய கறுப்புப் பெட்டியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். திரை அப்படியே உறைந்தது.

“உங்க டிரைவை மறந்துட்டீங்களே தம்பி! என் ஃபோட்டோவையெல்லாம் காப்பி எடுக்கணும்னு வந்ததும் செருகினீங்க. உங்க ஆறு வருஷ வேலை முழுக்க இதுலதான் இருக்குன்னு வேற சொன்னீங்க. பத்திரமா வெச்சுக்கோங்க.”