முதல் கேள்வி யுவஸ்ரீக்கு

கப்பல், துறைமுகம், கடல் ஆராய்ச்சி என்று கடலை நம்பி எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதை, நாமக்கல் விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தார் கப்பல் இன்ஜினியர் சந்தோஷ்குமார். கேள்வி கேட்கச் சொன்னதும் யுவஸ்ரீ முதல் ஆளாக எழுந்தாள். நாலு நாளாகவே கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"ஒருக்கா கப்பல் ஏறுனா எப்பங்க சார் ஊட்டுக்கு வருவீங்க?"

"ஒம்பது மாசம் ஆகும் சாமி."

"ஊட்டு நெனப்பு வராதுங்களா?"

"வரும். போட்டோ ஒண்ணு வெச்சிருக்கறேன். அதைப் பாத்துக்குவேன்."

"அது எப்ப எடுத்த போட்டோங்க?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "மூணு வருசமாச்சு."

சுற்றிலும் பிள்ளைகள் கை தூக்கிக் காத்திருந்தார்கள். யுவஸ்ரீ உட்காரவில்லை.

"மறுபடி எப்பங்க கெளம்பறீங்க?"

"நாளைக்குக் காலைல."

வார்டன் பொறுக்க முடியாமல் அவள் பக்கத்தில் வந்தார். "நீயே கேட்டுட்டிருந்தா மத்தவங்க கேக்க வேண்டாமா? கப்பல் வேலை மேல அவ்வளவு ஆசையா உனக்கு?"

"இல்லீங்க மிஸ்." அவள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெத்தவங்ககிட்டப் பேச ரெண்டாம் ஞாயிறு மட்டுந்தானே உடுவீங்க? அன்னைக்கு எங்கப்பா நடுக்கடல்ல இருப்பாருங்க."