வெள்ளத்தைத் தடுத்த வால்வு

ஒரு ஆபீஸின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, குழாயில் ஒரு பழைய வால்வு இருந்தது. "நான் பிடியை விட்டா கீழே அத்தனை பேரும் மிதப்பாங்க" என்று பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வயர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தில் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை.

ஆபீஸைப் புதுப்பிக்க வந்த பிளம்பர் ஸ்பானரை மாட்டினார்.

"ஐயோ, ஒரு வாளியாவது வைங்கப்பா!" என்று வால்வு அலறியது.

கழற்றினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. குழாய்க்குள்ளிருந்து ஒரு சிலந்திதான் எட்டிப் பார்த்தது.

"தண்ணியா? போன தடவை புதுப்பிச்சப்பவே லைனைத் துண்டிச்சுட்டாங்களே அண்ணே. காய்ஞ்ச இடம்னுதானே நான் குடிவந்தேன்."

பழைய இரும்புச் சாக்கில் வால்வு போய் விழுந்தது. உள்ளே கிடந்த மெயின் ஸ்விட்ச் கனைத்துக்கொண்டது. "நான் மட்டும் இல்லேன்னா அந்தக் கட்டடமே..."

"சொல்லுங்கண்ணே," என்று வால்வு நகர்ந்து இடம் கொடுத்தது. "நானும் பெரிய வெள்ளத்தைத் தடுத்தவன்தான்."