காற்றுக்குக் காத்திருந்த வார்டு

“இன்னும் பிரியலையா?”

பெரிய டாக்டர் கேட்டது காற்றைப் பற்றி. ஏழாம் கட்டில்காரருக்கு வயிற்றில் அறுவை முடிந்து இன்று மூன்றாம் நாள். காற்றுப் பிரிந்தால்தான் ஒரு வாய்த் தண்ணீர்கூட.

“இல்ல சார்,” என்றாள் அறுவைப் பிரிவின் இளம் டாக்டர்.

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா மூக்கு வழியா குழாய்தான்.”

குழாய் என்றதும் ஏழாம் கட்டில்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாயை மூடி மூன்று நாளாகிறது.

அதுதான் அவளை உறுத்தியது. அவர் ஓய்வு பெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர். வார்டில் சேர்ந்த அன்று, “பயணிகள் கவனத்திற்கு, ஊசி போடும் நர்ஸ் இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறார்” என்று வெண்கலக் குரலில் அறிவித்து அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவர். இப்போது எதற்கும் தலையாட்டல்தான். நாக்கை நீட்டச் சொன்னால், நுனி மட்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடும்.

பட்டினி போட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

“சார், சூயிங்கம் மெல்லக் கொடுத்தா குடல் சீக்கிரம் வேலை செய்யும்னு யாரோ சொன்னாங்க...”

“யாரோ சொன்னதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடறதில்லம்மா. ஆதாரத்தோட வா.”

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி மருத்துவமனை நூலகத்துக்கு ஓடினாள்.

“மனசுல வந்ததை அப்படியே தட்டாதே, லாரி லாரியாக் குப்பை கொட்டும்,” என்றார் நூலகர், கணினி முன் உட்கார்ந்தவளிடம். “கேள்வியை நாலா உடை. யாருக்கு? என்ன கொடுக்கப்போறே? யாரோட ஒப்பிடப்போறே? எது நடந்தா நாம ஜெயிச்சோம்?”

நாலாவதற்கு அவள் குரலைத் தாழ்த்தினாள். “காத்து பிரியணும், அண்ணா.”

“இதுக்கு ஏன்மா வெக்கம்? எத்தனையோ நாட்டுல மணி பார்த்துக் குறிச்சு வெச்சிருக்காங்க.”

வைத்திருந்தார்கள். திரையில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முதலில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட கட்டுரைகள், பிறகு தனி ஆய்வுகள்.

படிக்கப் படிக்க அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தாடை அசைகிறது, உமிழ்நீர் சுரக்கிறது. மூளை அதை நம்பி, ‘சாப்பாடு வருது, எழுந்திரு’ என்று குடலுக்குச் சேதி அனுப்புகிறது. வருவது ஒன்றுமே இல்லை. ஆனாலும் தூங்கிக் கிடந்த குடல் சோம்பல் முறித்துக்கொண்டு எழுகிறது. என்ன அழகான ஏமாற்று!

“கீழ இருக்கறதையும் படி,” என்றார் நூலகர். “பிடிச்ச வரியை மட்டும் படிச்சா அது ஆதாரம் இல்ல, ராசிபலன்.”

படித்தாள். ஆய்வுகள் பலவும் சிறியவை. தரம் சுமார். கிடைக்கும் லாபம் சில மணி நேரம்தான். தீங்கு அநேகமாக இல்லை.

“கடைசியா ஒண்ணு. இதுல இருக்கறவங்க மாதிரிதானா உன் ஆளும்?”

வயது, அறுவை, சர்க்கரை, இதயம். வரிசையாக டிக் அடித்தாள். “அச்சு அசல், அண்ணா.”

மூன்றரை மணிக்குப் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, கொடு,” என்றார்.

கீழே கடையில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கி, தாளைப் பிரித்து, ஏழாம் கட்டிலில் நீட்டினாள்.

அவர் சூயிங்கத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“டாக்டரம்மா,” என்றாள் மனைவி, “எதை வெச்சு மெல்லுவாரு? மேல் செட்டு, கீழ் செட்டு, ரெண்டு பல்செட்டும் என் பையிலதானே இருக்கு!”

“பையிலயா?”

“ஆபரேஷனுக்கு முன்னால கழட்டிக் கையில கொடுத்தாங்க. என் காதோட மட்டும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. தூக்கத்துல முழுங்கிட்டா? நான் தரமாட்டேன்னுட்டேன். சாப்பாடே இல்லாத மனுஷனுக்குப் பல்லு எதுக்கு? அது இல்லாமப் பேசினா குரல் கொழகொழன்னு வருதாம், யாரும் கேட்டுடக் கூடாதாம். துரை வாயே திறக்கலை!”

இளம் டாக்டர் கட்டிலின் காலடியில் தொங்கிய கோப்பைப் புரட்டினாள். மயக்க மருந்துத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது: ‘செயற்கைப் பல், மேல், கீழ். மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது.’

பதினேழு கட்டுரைகள் படித்தவள் இந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

சூயிங்கம் பிடித்த கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அந்தக் கையையும் அவள் விழித்த விழிப்பையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு முதலில் தோள் குலுங்கியது. தலையணையை எடுத்துத் தையல் மேல் அமுக்கிக்கொண்டார். அப்புறம் அடக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் ஈறு தெரியத் திறந்தது. கண்ணில் நீர் வழிய, “ஐயோ, வலிக்குது, போங்கம்மா!” என்று சிரித்தார், சிரித்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

சின்னதாக அல்ல.

எதிர்க் கட்டிலில் யாரோ கைதட்டினார். “மவராசா!” என்று கத்திக்கொண்டே மனைவி தண்ணீர் டம்ளரைத் தேடினாள்.

இளம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். கோப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு எழுதினாள்:

‘மாலை 4.10. காற்றுப் பிரிந்தது. சூயிங்கம் தரப்படவில்லை. நோயாளிக்குப் பல் இல்லை. மயக்க மருந்துத் தாளை நான் படிக்கவில்லை.’

ஆறு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேனாவைத் திறந்து, அவளுடைய கடைசி வரிக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார்.

‘நானும்.’