பொய் சொல்லும் மெஷின்

“இழுங்க… இழுங்க… விடாதீங்க, இன்னும் இழுங்க!”

வராந்தாவில் காத்திருந்தவர்கள், உள்ளே கயிறு இழுக்கும் போட்டி நடப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். நடந்தது மூச்சுத் தசைப் பரிசோதனை. அடைத்த குழாயை வாயில் கவ்வி, இருக்கும் பலமெல்லாம் திரட்டி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். எவ்வளவு பலம் என்பதை மெஷின் எண்ணில் காட்டிவிடும்.

பக்கத்தில் நின்று யாராவது கத்தினால்தான் ஆட்கள் ஒழுங்காக இழுப்பார்கள். பதினெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்கிற பரிசோதகருக்கு ஆஸ்பத்திரியில் ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர்.

அன்று குழாயைக் கவ்வியிருந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூன்று தடவை இழுத்தார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, மறுபடி நாற்பத்து மூன்று. குறைந்தது அறுபது வராவிட்டால் டிப்போவில் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள்.

“மெஷின் பொய் சொல்லுது சார்.”

“எல்லாரும் சொல்றதுதான்.” லவுட்ஸ்பீக்கர் கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்தார். “படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?”

“ரெண்டு. அது ஒரு குத்தமா?”

“குத்தம்னு யார் சொன்னா? நானே ரெண்டு மாசமா மூணு வெச்சுத்தான் படுக்கறேன். எங்க வீட்டு மெத்தை அந்த லட்சணம்.” பாரத்தில் இரண்டு என்று எழுதினார்.

டிரைவர் விடுகிற மாதிரி இல்லை. “இருபத்தாறு வருஷமா வண்டி ஓட்டறேன் சார். வீட்ல உக்கார வெச்சா பைத்தியமே பிடிச்சுடும். எங்க, நீங்க ஒரு தடவ இழுத்துக் காட்டுங்க பாப்போம்!”

லவுட்ஸ்பீக்கருக்குக் கரும்பு தின்னக் கூலியா? போன வருஷம் இந்த மெஷின் வந்திறங்கிய அன்று முதலில் இழுத்தவர் அவர்தான். நூற்றுப் பத்து. இன்றைக்கும் டீ நேரத்தில் அந்தக் கதை ஓடும்.

புதுக் குழாயை மாட்டி, மூக்கில் கிளிப்பைப் போட்டு, கண் பிதுங்க இழுத்தார்.

முப்பத்தெட்டு.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். முப்பத்தேழு.

“பாத்தீங்களா!” டிரைவர் குதிக்காத குறை. “உங்களுக்கே இந்தக் கதின்னா நான் எந்த மூலைக்கு?”

லவுட்ஸ்பீக்கருக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு என்றைக்குமே பிடிக்காத வேலை. “மன்னிச்சுக்குங்க, கோளாறு மெஷின்லதான்,” என்று பாரத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

மெக்கானிக் வந்தார். கழற்றினார், துடைத்தார், அளந்தார், மறுபடி மாட்டினார். கடைசியில் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். நூற்றாறு.

“கல்லு மாதிரி இருக்கு சார். எதுக்கு என்னக் கூப்பிட்டீங்க?” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.



டிரைவர் குனிந்து, கிழிந்த பாரத்தைப் பொறுக்கினார். இரண்டு துண்டையும் மேஜைமேல் ஒட்ட வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“சார்… உங்களுக்கு எத்தனை தலையணைன்னு சொன்னீங்க?”