டில்லிபாபுவின் மறதி

"இன்னாப்பா டில்லி, மறுபடியும் மேனா?"

அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வெளியே சாமான் வாங்க வந்த அசெம்பிளி லைன் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே டில்லிபாபு புது கம்ப்யூட்டர் முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இருங்கக்கா. தேடுற கமாண்டு எப்படி அடிக்கிறதுன்னு பாத்துக்கிறேன்."

"நேத்தும் அதையேதான பாத்துக்கினு இருந்த?"

"மறந்துபூடுதுக்கா."

1991. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. இந்த உதிரிபாகக் கம்பெனியில் அதைக் கொண்டுவந்து வைத்த மெட்ராஸ் ஆள் ஒரு வழி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எந்தக் கமாண்டு மறந்துபோனாலும் 'மேன்' என்று அடித்து, பக்கத்தில் அந்தக் கமாண்டின் பேரையும் அடித்தால் போதும். அதை எப்படி உபயோகிப்பது என்று மெஷினே பக்கம் பக்கமாக இங்கிலீஷில் விளக்கிவிடும். மறந்தால் பார்ப்பதற்குத்தான் அது. டில்லிபாபுவோ ஒவ்வொரு போல்ட்டுக்கும் பார்த்தான்.

இந்த மாசம் முழுக்க மானேஜர் உத்தரவு அப்படி. முதல் லைனுக்கு வேண்டிய சாமானை அம்சவல்லியும் கூட வேலை பார்க்கும் ராஜம்மாவும் வழக்கம்போல லெட்ஜரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது லைனுக்கு டில்லிபாபு கம்ப்யூட்டரில் தேடிக் கொடுக்க வேண்டும். எதற்கு இந்தக் கூத்து என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"யக்கா, லைன் ஓடாம நிக்குது!" இரண்டாவது லைன் கோபால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான். "ஸ்டோர்ஸ்ல கீற அத்தினி பேரையும் மாத்துனாதான் சரிப்படும்னு சூப்பர்வைசர் குதிக்கிறாரு."

அம்சவல்லி நாலு வருஷமாக டெம்பரரி. இந்த மாசக் கடைசியில்தான் பர்மனென்ட் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. இந்த மறதிக்காரன் அதில் மண்ணைப் போட்டுவிடுவான் போலிருக்கிறதே!

"தள்ளுப்பா. நான் லெட்ஜரைப் பாத்து சீட்டு எழுதிக் குடுத்துர்றேன்."

"வேணாக்கா. ரெண்டாவது லைனு என் பொறுப்பு. நீங்க கை வெக்காதீங்க."

ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்சவல்லியால் அடக்க முடியவில்லை.

"சோறு துன்றதுக்கும் மேன் போட்டுப் பாப்பியா நீ?"

ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபுவும் கூடவே சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினான். சூடு சொரணை இருந்தால்தானே!

மதியம் கேன்டீனுக்குப் போன அம்சவல்லி, ஊறுகாய் டப்பாவை எடுக்க மறந்து திரும்பி வந்தாள். ஸ்டோர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே டில்லிபாபு மட்டும்தான். காலையில் லாரியில் வந்திறங்கிய சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். இடது கையில் பாதி கடித்த வடை. வலது கை கீபோர்டில் பறந்தது. மேனும் இல்லை, கீனும் இல்லை. திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கமாண்டு மேல் கமாண்டாகத் தட்டுகிறான்; பிரின்டரிலிருந்து சீட்டு சீட்டாக வந்து விழுகிறது.

அடப்பாவி! எல்லாம் தெரிந்துகொண்டே நடிக்கிறானே! நாலு பேர் வந்து நின்றால் துரைக்கு வேலை செய்ய வலிக்கிறது. இவன் சோம்பேறித்தனத்துக்கு என் பிழைப்பு போகணுமா?

சோறும் வேண்டாம் ஊறுகாயும் வேண்டாம் என்று நேரே மானேஜர் ரூமுக்குப் போனாள். இன்றைக்கு அவன் சாயத்தை வெளுக்காமல் விடுவதில்லை.

"வாம்மா அம்சவல்லி. நானே கூப்பிடணும்னு இருந்தேன்." மானேஜர் ஏகாம்பரநாதன் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "உனக்கு நல்ல சேதி. கம்ப்யூட்டர் வேகமா வேலை செஞ்சா, லெட்ஜர் எழுதுற உன்னையும் ராஜம்மாவையும் மாசக் கடைசியோட நிறுத்திடச் சொல்லி மெட்ராஸ் ஆபீஸ் உத்தரவு. அதுக்குத்தான் இந்த டிரயல். பாத்தா, லெட்ஜர்தான் வேகமா இருக்கு. மெஷின் சரிப்படலன்னு இப்ப போன்ல சொல்லிடப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பர்மனென்ட்."

நாலு வருஷம் உழைத்தவளை வீட்டுக்கு அனுப்புகிற திட்டத்தை, இந்த மனுஷர் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்கிறாரே!

"ஆனா ஒண்ணுதான் இடிக்குது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டில்லிகிட்ட மட்டும் இதை முதல் நாளே சொல்லி வெச்சேன். வேகமா முடிச்சுக் காட்டுடா, அவங்க போனதும் நீதான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்னு சொன்னேன். அப்படியும் ஒருத்தன் இவ்ளோ மந்தமா இருப்பானா? பக்கத்துலயே இருக்கிறவ நீ, சொல்லு. நிஜமாவே அவனுக்கு வரலியா, இல்ல நடிக்கிறானா?"

வந்த கோபம் கொஞ்சமும் குறையாமல் அம்சவல்லி அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நடிப்பா? நீங்க வேற சார்! சுட்டுப் போட்டாலும் அவனுக்கு அது வராது!"