அனுமதி பெறாத கருவி

பக்கவாதம் வந்த பிறகு, அருளப்பனுக்கு நடப்பதெல்லாம் காதுக்குப் பின்னால் பொருத்திய சிறு நினைவுப்பெட்டியில்தான் பதிந்தது. அது ஒரு நாளைத்தான் தாங்கும்; சேமிக்காத நாள் மறுநாள் காலையில் அவருக்கு நினைவில் இருக்காது. தினமும் சாயங்காலம் மனைவி செசிலி அதைக் கழற்றி, வீட்டுக் கணினியில் செருகி, அன்றைய நாளைச் சேமித்து மாட்டிவிடுவாள்.

புதிய சட்டம் வந்த அன்று கணினித் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின: ‘அனுமதி பெறாத சேமிப்புக் கருவி. இணைப்பு மறுக்கப்படுகிறது.’

செசிலி பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

“தகவல் திருட்டைத் தடுக்கப் போட்ட சட்டம்மா, எல்லாருக்கும் பொதுதான். அனுமதி வர மூணு மாசம் ஆகும்” என்றார் அதிகாரி.

“அடுத்த மாசம் மக கல்யாணம் சார். அந்த நாள அவரு எங்க கொண்டு வைப்பாரு?”

அதிகாரி விண்ணப்பத்தில் முத்திரை குத்திவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

கல்யாணத்தன்று அருளப்பன் மகள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது குழந்தையைப் போலத் தேம்பி அழுதார்.

மறுநாள் காலை, புருஷன் வீட்டுக்குக் கிளம்பி நின்ற மகளைப் பார்த்து, “ஏட்டி, கல்யாணத்துக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டார்.

ஜெசிந்தா தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“இன்னைக்குத்தாம்ப்பா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“முன்னமே சொல்லக் கூடாதா! செசிலி, என் பட்டு வேட்டி எங்க?”

நேற்று உடுத்திக் கசங்கிய வேட்டியை எடுத்து விரித்து, செசிலி இஸ்திரி போடத் தொடங்கினாள்.