வலக்கைத் தேநீர்

காசாபிளாங்கா தேநீர்க் கடை மேசையில் அந்தப் பழைய கிட்டார் வெயில் பட்டு மினுங்குகிறது. இணையத்தில் படம் பார்த்து இல்ஹாம் வாங்க வந்திருப்பது அதைத்தான். இடக்கைக்காரர்களுக்காகத் தந்தி மாற்றிக் கட்டியது. விற்க வந்த ஸுபைரோ புதினாத் தேநீரை வலக்கையால் உறிஞ்சுகிறான். அவள் பார்வை அந்தக் கையை விட்டு நகர மறுக்கிறது. "நெசமா உங்களுதுதானா அண்ணே?" "பின்ன, திருடிட்டு வந்தேனா?" "அப்ப வாசிங்க பாப்போம்." அவன் முறைத்துக்கொண்டே கிட்டாரை மடியில் போட்டு இடக்கையால் மீட்டுகிறான், பக்கத்து மேசைச் சீட்டாட்டம் நின்றுபோகிறது. "டீ மட்டும் வலக்கையிலயா?" "இடக்கையால குடிச்சா எங்கம்மா சும்மா விட்டிருப்பாளா? அது கெடக்கட்டும், உனக்கெதுக்கு இந்தக் கிட்டாரு?" "நானும் இடக்கைதான்." அவன் அவள் கையையே பார்க்கிறான். இல்ஹாமும் குனிந்து பார்க்கிறாள். தேநீர்க் குவளை அவளுடைய வலக்கையில் இருக்கிறது.